ஷெட் கதவில் தொங்கும் அட்டை

முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றில் நான்கு வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். கோழிகளுக்கு வரும் நோய் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு அட்டை. ஒவ்வொரு ஷெட்டிலும் கதவின் உள்பக்கம் ஓர் ஆணியில் அது தொங்கும். மேலே பேட்ச் எண், குஞ்சு இறங்கிய தேதி, கோழிகளின் இருப்பு. கீழே கட்டம் கட்டமாகத் தேதி, தீவனம், தண்ணீர், முட்டை, இறப்பு. பக்கத்தில் நூலில் கட்டிய பேனா ஒன்று. அது என்றைக்கும் எழுதியதில்லை. ஷெட் பார்ப்பவர்கள் சட்டைப்பையில் சொந்தப் பேனா வைத்திருப்பார்கள். தீவனத் தூசியும் விரல் ஈரமும் பட்டுப் பட்டு அட்டையின் ஓரம் பழந்துணி மாதிரி ஆகியிருக்கும்.

இறப்புக் கட்டத்தில் வழக்கமாக 2, 3, 1, 4 என்றுதான் இருக்கும். இருபதாயிரம் கோழி நிற்கிற ஷெட்டில் தினம் இரண்டு மூன்று சாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் பொறுக்கிச் சாக்கில் போட்டு, எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் அந்த எண்களைப் பார்த்தும் பார்க்காமலும்தான் வாரக் கடைசியில் கூட்டிப்போட்டு ஆபீசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பறவைக் காய்ச்சல் என்றதும் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். வலசைப் பறவைகள், கண்டம் விட்டுக் கண்டம் தாவும் வைரஸ், அடுத்த பெருந்தொற்று. எல்லாம் உண்மைதான், நானும் அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஷெட்டுக்குள் நின்று பார்த்தவன் என்கிற முறையில் என் கட்சி கொஞ்சம் வேறு. இந்த நோய் ஒரு பண்ணையோடு நிற்குமா, சுற்றுவட்டாரம் முழுக்கக் காலி செய்யுமா என்பது பெரும்பாலும் அந்த அட்டையில் விழும் எண் எவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் வைரஸ். இன்ஃபுளுயன்சா ஏ வகை வைரஸ்களுக்குப் பிறந்த வீடு நீர்ப்பறவைகளின் உடம்பு. காட்டு வாத்து, கடற்காகம், உள்ளான் போன்றவற்றில் இவை காலங்காலமாக இருந்துவருகின்றன. வாத்து ஒரு சங்கடமும் இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும்; எச்சத்தில் வைரஸ் இறங்கிக்கொண்டிருக்கும். வைரஸின் மேல்பரப்பில் உள்ள எச், என் என்ற இரண்டு புரதங்களை வைத்துத்தான் எச்5என்1, எச்7என்9 என்றெல்லாம் பெயர். எச் புரதத்தில் எத்தனையோ வகை இருந்தாலும் பண்ணைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை எச்5, எச்7 இரண்டும்தான்.

ஏன் அந்த இரண்டு மட்டும்? வைரஸ் ஒரு செல்லுக்குள் புக வேண்டுமானால் அதன் எச் புரதம் முதலில் ஓர் இடத்தில் வெட்டுப்பட வேண்டும். வெட்டும் கத்தரிக்கோல் வைரஸிடம் கிடையாது, கோழியின் உடம்பில்தான் இருக்கிறது. சாதாரண வகைக்குப் பொருந்தும் கத்தரிக்கோல் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டும் கிடைக்கும். அதனால் நோயும் அங்கேயே நிற்கும்: லேசான சளி, முட்டை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எச்5, எச்7 வைரஸ்கள் கோழிக்கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அந்த வெட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாக ஒட்டிக்கொள்வது உண்டு. அப்புறம் எந்த உறுப்பிலும் தாராளமாகக் கிடைக்கிற ஃபியூரின் என்ற நொதியே அதை வெட்டிவிடும். மூளை, இதயம், ஈரல், ரத்தக்குழாய்ச் சுவர் என்று வைரஸ் போகாத இடமில்லை. லேசான சளிக்கும் இரண்டு நாளில் ஷெட் காலியாவதற்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவுதான்.

1983ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஏப்ரலில் எச்5என்2 வைரஸ் லேசான நோயாகப் பண்ணைகளில் திரிந்தது. அக்டோபரில் அதே வைரஸ் மிகச் சிறிய மாற்றத்தோடு கொல்லும் வகையாகிவிட்டது. முடிவில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பறவைகள் போயின. இத்தாலியில் 1999ல் எச்7என்1 வைரஸும் இதே வழியில்தான் போனது: மார்ச்சில் சாது, டிசம்பரில் கொலைகாரன். இரண்டு இடத்திலும் நடுவில் பல மாத அவகாசம் இருந்திருக்கிறது. அந்த மாதங்களில் எத்தனை அட்டைகளில் என்னென்ன எண்கள் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இப்போது உலகம் முழுக்கப் பேசப்படும் எச்5என்1 பரம்பரைக்கு மூலம் 1996ல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஒரு வளர்ப்புப் பெருவாத்தில் (கூஸ்) கண்டெடுத்த வைரஸ். 2005ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் அதனால் செத்தன. அதுவரை வாத்துக்கும் வைரஸுக்கும் இருந்த பழைய சமாதானம் முறிந்த இடம் அது. பண்ணையில் முரடாகிப்போன வைரஸ் திரும்பக் காட்டுக்குப் போய்ச் சிறகு வாங்கிக்கொண்டது. 2020க்குப் பிறகு பரவிய கிளை வட அமெரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் கடந்து 2023 அக்டோபரில் அண்டார்க்டிகா பக்கத்துத் தீவுகள்வரை எட்டியது. நடுவில் பெரு, சிலி கடற்கரைகளில் கடற்சிங்கங்கள் குவியல் குவியலாகச் செத்தன. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளின் பாலிலும் அது இருப்பது தெரிந்தது. மாட்டுக்குப் பறவைக் காய்ச்சல் வரும் என்று அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சரி, ஷெட்டுக்கு வருவோம்.

அனுபவப்பட்டவர்கள் நோயை முதலில் காதால்தான் கண்டுபிடிப்பார்கள். இருபதாயிரம் கோழி இருக்கும் இடத்தில் ஓயாமல் ஒரு முணுமுணுப்பு உண்டு. தீவன வண்டி நகரும் சத்தம் கேட்டதும் அது ஏறும். அது ஏறாத காலையில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அடுத்தது தொட்டியில் மிஞ்சும் தீவனம். அப்புறம் தண்ணீர். கோழி தின்கிற எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். நோய் வந்தால் இந்தக் கணக்கு சாவுக்கு முன்பே சரிய ஆரம்பித்துவிடும். ஓடில்லாத தோல்முட்டை கூடும். கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து வீங்கும். காலில் செதிலுக்கு அடியில் ரத்தம் கட்டி நிற்கும். சில சமயம் இதில் எதுவுமே தெரியாமல், நேற்று முட்டையிட்ட கோழி இன்று கூண்டில் குப்புறக் கிடக்கும். இதில் தொல்லை என்னவென்றால் வெள்ளைக்கழிச்சல் என்ற இன்னொரு கோழி நோயும் கிட்டத்தட்ட இதே வேஷத்தில்தான் வரும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். தொண்டையிலும் ஆசனவாயிலும் குச்சியில் பஞ்சு சுற்றி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும்.

வெறும் கணக்குக்காக, சாவு நாளுக்கு மூன்று மடங்காக ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3, 9, 27, 81, 243, 729. ஐந்தாம் நாள் 243 என்றால் கண்ணில்லாதவருக்கும் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் 9 என்றால்? ராத்திரி மின்விசிறி நின்றிருக்கும், வெயில் கூடுதல், பேட்ச் வயதாகிவிட்டது என்று மனசு தானாகவே காரணம் தேடும். மூன்றாம் நாள் 27க்கும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டு மூன்று நாளில் பண்ணையிலிருந்து முட்டை லாரி போயிருக்கும், காலி ட்ரே வேறொரு பண்ணைக்குப் போயிருக்கும், எரு ஏற்றிய வண்டி போயிருக்கும், தடுப்பூசி போட வந்த ஆட்கள் அடுத்த பண்ணைக்குப் போயிருப்பார்கள். கோழிகளோ நோய் வெளியே தெரிவதற்கு முன்பே வைரஸை வெளியேற்ற ஆரம்பித்துவிடுகின்றன. எச்சத்தில் இந்த வைரஸ் 4 டிகிரி குளிரில் குறைந்தது 35 நாளும் 37 டிகிரியில் ஆறு நாளும் உயிரோடு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. லாரி டயரில் ஒட்டிய எரு எங்கெங்கே போகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஷெட்டுக்குள் வைரஸ் வருகிற வழியைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. காட்டுப் பறவைதான் காரணம் என்பது ஒன்று. மனிதன்தான் சுமந்துவருகிறான் என்பது இன்னொன்று. இரண்டும் சரி, காலம்தான் மாறுகிறது. 2014-15ல் அமெரிக்காவில் 5 கோடிப் பறவைகளைக் காவு வாங்கிய அலையில், முதல் பொறி காட்டுப் பறவையிலிருந்து விழுந்தாலும் தீ பெரும்பாலும் பண்ணையிலிருந்து பண்ணைக்கே பரவியது. பொதுவான வண்டிகள், ஆட்கள், இரவல் சாமான்கள், செத்த கோழியை ஏற்றிப்போக வரும் லாரிகள். 2022ல் வந்த அலையில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான பண்ணைகளுக்குத் தனித்தனியாகக் காட்டுப் பறவைகளிடமிருந்தே நோய் வந்திருப்பது மரபணு ஆய்வில் தெரிந்தது. முதல் அலையில் கற்ற பாடத்தில் பண்ணைகள் உஷாராகிவிட்டன என்றும் சொல்லலாம், வானத்திலிருந்து விழும் வைரஸ் பல மடங்கு கூடிவிட்டது என்றும் சொல்லலாம்.

எப்படியானாலும் மூடிய ஷெட்டுக்குள் காட்டு வாத்து நடந்து வருவதில்லை. அது குளத்தில் எச்சமிடும். அந்தத் தண்ணீரைக் குளோரின் போடாமல் பம்ப் செய்து கோழிக்குக் கொடுப்பது நாம்தான். சிந்திய தீவனத்தைக் கூட்டாமல் விட்டுக் காக்கையையும் குருவியையும் எலியையும் கூப்பிடுவதும் நாம்தான். கடைசிப் பத்தடி தூரத்தை வைரஸ் பெரும்பாலும் நம் செருப்பில்தான் கடக்கிறது.

அதற்குத்தான் வாசலில் மருந்துத் தொட்டி என்பார்கள். எங்கள் பண்ணையிலும் ஒவ்வொரு ஷெட் முன்னாலும் இருந்தது. காலையில் ஊற்றும்போது பால் வெள்ளையாக இருக்கும். பத்து மணிக்குக் காப்பி நிறம். மதியம் பார்த்தால் அடியில் விரல் பருமனுக்குச் சேறு, மேலே ஓர் இறகு, செத்த வண்டு இரண்டு. எல்லோரும் கோயில் வாசலில் கால் நனைக்கிற மாதிரி அதில் ஒரு மிதி மிதித்துவிட்டு உள்ளே போவார்கள். சேறும் எருவும் கலந்தால் கிருமிநாசினிக்கு வேலை செய்யத் தெம்பிருக்காது. முதலில் பிரஷால் தேய்த்து எருவைக் கழுவி, அப்புறம் மருந்தில் சில நிமிடமாவது நிற்கவைத்தால்தான் பலன். ஒரு நாளைக்கு முப்பது தடவை உள்ளே வெளியே போகிற ஆள் முப்பது தடவையும் அப்படி நிற்பாரா? நான் நின்றதில்லை.

இதைவிட ஆயிரம் மடங்கு மேலானது ஒரு பெஞ்ச். வாசலுக்கு உள்ளே குறுக்காக, முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. இந்தப் பக்கம் உட்கார்ந்து வெளிச்செருப்பைக் கழற்ற வேண்டும், காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு ஷெட்டுக்கென்றே இருக்கும் பூட்ஸை மாட்ட வேண்டும், கை கழுவ வேண்டும். டேனிஷ் நுழைவு என்று இதற்குப் பெயர். மருந்துத் தொட்டி ஆளின் மனசாட்சியை நம்பியிருக்கிறது. பெஞ்ச் யாரையும் நம்புவதில்லை; தாண்டாமல் உள்ளே போக முடியாது, தாண்டினால் எந்தச் செருப்பு எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வைரஸைச் சுற்றியிருப்பது கொழுப்பு உறைதான், சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். இவ்வளவு பலவீனமான எதிரியிடம் இத்தனை கோடிக் கோழிகளைத் தோற்றிருக்கிறோம்.

இனி அட்டைக்கு வருகிறேன்.

அது வலசைப் பருவம். வேறு எங்கோ பறவைக் காய்ச்சல் வந்திருப்பதாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை மூன்றாம் ஷெட் அட்டையைச் சும்மா புரட்டினேன். இறப்பு 3, 2, 3, 3. ஒரு குறையும் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் தண்ணீர் மட்டும் நான்கு நாளாக இறங்கிக்கொண்டே வந்தது. தீவனமும் லேசாக. ஷெட் பார்த்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கோழி வளர்ப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"அண்ணே, இறப்பு மூணுதானா?"

"மூணுதான் சார்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பின்பக்கம் போய்க் குழிக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று கோழியின் கனம் எனக்குத் தெரியும். கொட்டி எண்ணினேன், பத்தொன்பது.

அவர் மெதுவாகப் பின்னால் வந்து நின்றார். "அஞ்சுக்கு மேல எழுதினா ஆபீஸ்ல கேப்பாங்க சார். போன வருஷம் எழுதினதுக்கு ரெண்டு மாசம் போனஸ பிடிச்சாங்க. ஏன் செத்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

அவரைக் குறை சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். அடுத்து நடந்ததைச் சொன்னால்தான் நியாயம். என் கையில் போன் இருந்தது, கால்நடை மருத்துவரின் எண்ணும் இருந்தது. இரண்டு மணி நேரம் நான் கூப்பிடவில்லை. அன்றைக்கு மதியம் முட்டை லாரி வர வேண்டும். கூப்பிட்டால் கேட் மூடும், லாரி திரும்பும், எல்லா ஷெட்டும் நிற்கும், கேள்வி என்மேல் வரும். வெயிலாக இருக்கலாம் என்றேன் எனக்குள்ளேயே. அன்று அப்படியொன்றும் வெயில் இல்லை. ஐந்தாம் ஷெட்டுக்குப் போய் அங்கே மின்விசிறி பெல்ட்டைச் சரிபார்த்தேன், தேவையே இல்லாமல். மூன்றாம் ஷெட் பூட்ஸோடுதான் அங்கே போயிருக்கிறேன் என்பது போய் நின்ற பிறகுதான் உறைத்தது. அப்போதுதான் கூப்பிட்டேன்.

மருத்துவர் முதலில் சொன்னது, யாரும் எங்கேயும் நகராதீர்கள். பிறகு வந்தார், உடைமேல் உடை போட்டு உள்ளே போனார், மாதிரி எடுத்தார். செத்த கோழிகள் எல்லாம் ஒரே வரிசையில், கீழ் அடுக்குக் கூண்டுகளிலிருந்து வந்தவை என்பதை அவர்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். நோயும் ஒரு மூலையில் தொடங்கி அக்கம்பக்கமாகத்தான் பரவும் என்பதால் அதை வைத்து மட்டும் நிம்மதியடைய முடியவில்லை. அவர் குனிந்து, கோழி தண்ணீர் குடிக்கும் குழாயில் இருக்கும் ஒரு நிப்பிளை விரலால் அழுத்தினார். சொட்டுகூட வரவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. குழாயைக் கழற்றியதும் பழுப்புக் கூழாக இரும்புக் கசடு வழிந்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டதால் யாரோ அதைத் தவிர்த்துவிட்டுத் தண்ணீரை நேராகத் திறந்திருக்கிறார்கள். கோழிகள் தாகத்தில் செத்திருக்கின்றன.

ஆய்வக முடிவு வரும்வரை, இரண்டு நாள், கேட் மூடியே இருந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, வெள்ளைக்கழிச்சலும் இல்லை. ஆபீசில் எனக்குக் கிடைத்த பேச்சு: "குழாய் அடைச்சதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" முட்டை தேங்கியதற்கு நஷ்டக் கணக்கு ஒன்று போட்டு என் முன்னால் வைத்தார்கள். நான் தாமதித்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பல நாடுகளில் இழப்பீட்டு விதியே இந்த நேரத்தை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அரசு ஆட்கள் வந்து அழிக்கும்போது உயிரோடிருந்த கோழிக்குத்தான் பணம்; அதற்கு முன்பே செத்ததற்கு இல்லை. சீக்கிரம் சொன்னால் உனக்கு லாபம் என்பது உள்ளர்த்தம். காகிதத்தில் நல்ல யோசனைதான். ஆனால் முதல் எண்ணை எழுதுகிற ஆளுக்கு இந்த இழப்பீட்டில் ஒரு பைசாகூட வராது. ஒப்பந்த முறையில் வளர்ப்பவருக்கும் கோழி சொந்தமில்லை, கோழி கம்பெனியுடையது. ஷெட் காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு அவருக்கு வருமானம் இல்லை. போன் செய்கிற கை ஒருவருடையது, பணம் வாங்குகிற கை இன்னொருவருடையது என்றால் அந்த விதி எழுதப்பட்ட நோக்கம் பாதி வழியிலேயே நின்றுபோகிறது. கிருமிநாசினிக்குச் செலவழிப்பதில் நான்கில் ஒரு பங்கையாவது, தவறாகவே ஆனாலும் சீக்கிரம் கூப்பிட்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

என் அட்டைக் கட்சியில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013 மார்ச்சில் சீனாவில் எச்7என்9 மனிதர்களிடம் தலைகாட்டியபோது கோழிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தின்றன, குடித்தன, முட்டையிட்டன. உலகத்தின் மிக நேர்மையான ஆள் எழுதியிருந்தாலும் அட்டையில் 2, 3, 1 என்றுதான் இருந்திருக்கும். மொத்தம் 1,500க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு நோய் வந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கோழிகளின் கணக்கு மனிதர்களின் உடம்பில் எழுதப்பட்டது. 2017ல் அதுவும் கோழிகளைக் கொல்லும் வகையாக மாறியது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நாடு முழுக்கக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு மனிதர்களிடம் அந்த நோய் ஏறக்குறைய நின்றேபோனது.

தடுப்பூசியை வேண்டாம் என்பவர்களின் வாதமும் இதே ஓட்டையைப் பற்றியதுதான். ஊசி போட்ட கோழி சாகாது, ஆனால் வைரஸை வாங்கிக் கொஞ்சம் பரப்பவும் செய்யலாம். சாவு என்கிற அபாயமணியை நாமே கழற்றி வைத்த மாதிரி ஆகும். அதனால்தான் ஏற்றுமதி செய்யும் நாடுகள் தயங்குகின்றன, வாங்கும் நாடுகள் சந்தேகப்படுகின்றன. 2021-22 பருவத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பறவைகளை இழந்த பிரான்ஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு 2023 அக்டோபரில் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அடுத்த பருவத்தில் நோய் பிடித்த பண்ணைகள் பத்து என்ற அளவுக்கு இறங்கின. கூடவே சில நாடுகள் அங்கிருந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டன. கழற்றி வைத்த அந்த அபாயமணிக்கு மாற்றாக இருப்பது, ஊசி போடாத சில கோழிகளைக் கூட்டத்தோடு காவலுக்கு விடுவதும், ஊசியால் வந்த எதிர்ப்பா நோயால் வந்த எதிர்ப்பா என்று ரத்தத்தில் பிரித்துப் பார்ப்பதும். எனக்குத் தடுப்பூசி பக்கம்தான் சாய்வு. ஆனால் செத்த கோழியையே எண்ணி எழுதாத இடத்தில், உயிரோடிருக்கும் கோழியிடம் வாராவாரம் மாதிரி எடுப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வெளியில் மேயவிட்டால் நோய் வராது, அடைத்து வைப்பதால்தான் வருகிறது என்று நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். பாதி சரி. மேய்கிற கோழி காட்டு வாத்தின் எச்சத்தை நேராகவே மிதிக்கிறது. ஐரோப்பாவில் நோய்ப் பருவத்தில் எல்லாக் கோழிகளையும் உள்ளே அடைக்கச் சொல்லி ஆணை போடுவது அதனால்தான். உள்ளே ஒரே வயது, ஒரே ரத்தம், தோளோடு தோள் நிற்கும் பல்லாயிரம் கோழிகள், வைரஸுக்கு இதைவிட விருந்து கிடையாது. வெளியே இருந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடுதல், உள்ளே வந்துவிட்டால் நாசம் கூடுதல். நண்பரிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1997ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு எச்5என்1 வந்து ஆறு பேர் இறந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்த கோழிகளை, ஏறத்தாழ 15 லட்சம், அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2003ல் நெதர்லாந்தில் எச்7என்7 வந்து 3 கோடிப் பறவைகள் அழிக்கப்பட்டபோது 89 பேருக்குத் தொற்றியது, பெரும்பாலும் கண்ணில். கால்நடை மருத்துவர் ஒருவர் இறந்தார். 2003லிருந்து உலகம் முழுக்க எச்5என்1 பிடித்ததாக உறுதியானவர்கள் 900க்கு மேல், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். மனிதனிடமிருந்து மனிதனுக்கு அது சரளமாகத் தாவவில்லை என்பது மட்டும்தான் இதுவரை நமக்கிருக்கும் ஆறுதல். பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் கொக்கி நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்திலும் கண்ணிலும் உண்டு. ஷெட்டில் கையால் கண்ணைத் தேய்க்காதே என்று எனக்கு ஆரம்பத்திலேயே அந்த அண்ணன் சொல்லியிருந்தார், காரணம் தெரியாமலேயே.

2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோவில் நோய் வந்த முட்டைக்கோழிப் பண்ணையில் கோழிகளை அழித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் சிலருக்குக் கண் சிவந்து நோய் தொற்றியது. முழு உடை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஷெட்டுக்குள் 40 டிகிரி வெப்பம், ராட்சத மின்விசிறிகள் இறகையும் தூசியையும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி ஒழுங்காக நிற்கவில்லை. ஷெட்டில் வியர்வை வழிய வேலை செய்திருக்கும் எவருக்கும் அது எப்படி நழுவும் என்று விளக்க வேண்டியதில்லை.

குழாய் விஷயத்துக்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு நிறத்தில் சாக்கு கொடுத்தேன். காலையில் சாக்குகளை ஷெட் வாசலிலேயே வைத்துவிட வேண்டும், நான் ஒரே வரிசையில் போய் எண்ணி, அட்டையில் நானே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சாக்கைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த ஷெட்டுக்கு நகர்வதில்லை. எண் கூடினால் ஆபீஸ் என்னைத்தான் கேட்க வேண்டும். மூன்றாம் ஷெட் அண்ணன் முதல் நாள் சாக்கைப் பிரித்துக் காட்டிவிட்டு, நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார். 6 என்று எழுதினேன். ஒன்றும் சொல்லாமல் தன் சட்டைப்பைப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்; என் பேனா சரியாக எழுதவில்லை, 6 பாதிதான் விழுந்திருந்தது.

மாதக் கடைசியில் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. எல்லா ஷெட்டிலும் இறப்பு ஒரே மாதத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது, விளக்கம் தேவை. கோழிகள் எப்போதும் போலத்தான் சாகின்றன, எண்ணுவதுதான் புதிது என்று பதில் எழுதி அனுப்பினேன். அதற்கு அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.